வளசரவாக்கத்துக்குப் போகாத மூன்று இதழ்கள்



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேளச்சேரி அலுவலகத்தின் பூட்டைத் திறந்து உள்ளே வரும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பேசியவர் வளசரவாக்கத்திலிருந்து ஓர் அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. “சார், மூணு மாசமா புக் வரலை. சந்தா முடிஞ்சுபோச்சுன்னா சொல்லுங்க, உடனே அனுப்பிடறேன்” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. தவறு தன் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பேசினார். அதுதான் மனதை உறுத்தியது. அவருடைய சந்தா முடியவில்லை. பணம் நம்மிடம் இருக்கிறது. இதழ்தான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று தேடியபோது கதை 2023 டிசம்பருக்குப் போனது. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி என்ன பாடுபட்டது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தரைத்தள அறைக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த சந்தாப் பேரேடுகள் ஊறிப்போயின. தண்ணீர் வடிந்த பிறகு தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அறைக்குள்ளேயே கொடி கட்டி, துணிக்குப் போடும் கிளிப் போட்டு உலர்த்தினோம். மை பரவிப்போன பெயர்களை மூன்று பேர் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். ஒருவர் தமிழில் அடித்தார், ஒருவர் ஆங்கிலத்தில் அடித்தார், மூன்றாமவர் பேரேட்டில் எப்படி இருந்ததோ அப்படியே அடித்தார். ஒரே வாசகர் இரண்டு மூன்று உருவத்தில் பட்டியலில் உட்கார்ந்துவிட்டார். சிலர் வீட்டுக்கு ஒரே இதழ் இரண்டு பிரதி போய், அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இதைச் சரிசெய்ய, சந்தாப் பிரிவில் உதவிக்கு வந்த தம்பி ஒருவர், ஒலியால் ஒத்துப்போகும் பெயர்களைப் பொறுக்கித் தரும் நிரல் ஒன்றை ஓட்டினார். அது ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுத்தது. அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் நாங்கள் அந்த ஜோடிகளையெல்லாம் ஒன்றாக்கிவிட்டோம். அவற்றில் ஒரு ஜோடி: எஸ். முத்து, வேளச்சேரி; எஸ். மதி, வளசரவாக்கம்.

முத்துவும் மதியும் எப்படி ஒருவராவார்கள்? வேளச்சேரியும் வளசரவாக்கமும் எப்படி ஓர் ஊராகும்? இந்தக் கேள்வியோடு நான் உட்கார்ந்து படித்தவற்றைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். எழுத்தையும் ஒலியையும் வைத்து வாழ்கிற நம் போன்றவர்களுக்கு இது அந்நிய விஷயம் இல்லை என்று படிக்கப் படிக்கப் புரிந்தது.

அந்த நிரலுக்குள் இருந்தது சவுண்டெக்ஸ் என்ற முறை. ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918-இல் காப்புரிமை பெற்றது. கணினியே இல்லாத காலத்தில் பெயர் அட்டைகளை அடுக்குவதற்காகச் செய்தது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் உயிர்களைத் தள்ளிவிட வேண்டும். எச், டபிள்யூ, ஒய் மூன்றையும்கூட. மிச்சமுள்ள மெய்களுக்கு எண் போட வேண்டும். ப, ஃப, வ ஒலிகளுக்கு 1. க, ச, ஜ, ஸ ஒலிகளுக்கு 2. ட, த ஒலிகளுக்கு 3. ல என்றால் 4. ம, ன என்றால் 5. ர என்றால் 6. ஒரே எண் அடுத்தடுத்து ஒட்டி வந்தால் ஒருமுறை மட்டும் போட வேண்டும். மூன்று இலக்கம் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். சேரவில்லை என்றால் பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும்.

இப்போது போட்டுப் பாருங்கள். முத்துவில் எம் எழுத்துக்குப் பிறகு மிஞ்சும் மெய் த ஒன்றுதான். ஆகவே எம் 300. மதிக்கும் எம் 300. மதுவுக்கும் அதே. வேளச்சேரியில் ல, ச, ர: வி 426. வளசரவாக்கத்திலும் ல, ச, ர: வி 426. மூன்று இலக்கம் நிரம்பிவிட்டதால் ‘வாக்கம்’ அதன் காதில் விழவே இல்லை. பேனாவும் தாளும் வைத்து இதை நான் போட்டு முடித்தபோது மணி ராத்திரி ஒன்பதிருக்கும். அந்த அம்மாவின் மூன்று இதழ்கள் போன வழி தெரிந்துவிட்டது.

இதனால் சவுண்டெக்ஸைக் குப்பை என்று தள்ளிவிடக் கூடாது. அது பிறந்து வளர்ந்த இடத்தில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, முதியவர்கள் ஓய்வூதியம் கேட்க வயதுக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை அது. 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் குழந்தையாகப் பெயர் பதிவாகியிருந்தால் அதுவே சாட்சி. ஆனால் கணக்கெடுத்தவர் எந்த ஸ்பெல்லிங்கில் எழுதினாரோ யாருக்குத் தெரியும்? அதனால் அந்தக் கணக்கில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் இருந்த வீடுகளை மட்டும் எடுத்து, சவுண்டெக்ஸ் எண் போட்டு அட்டை எழுதினார்கள். வயதானவர்கள் தங்கள் பெயரைத் திரும்பப் பெற்றார்கள்.

நம் ஊருக்கும் அதைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது நினைவிருக்கும். எழுத்துக்கூட்டல் பற்றி எழுந்த விவாதத்தில் ஒரே வாரத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், இந்த முறையைச் சோதிக்க அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. சிலவற்றை எடுத்துப் போட்டேன்.

ட்ரிப்ளிகேன்: டி 614. ஆணை சொன்ன திருவல்லிக்கேணி: அதுவும் டி 614! வெள்ளைக்காரர் நாக்கு எவ்வளவோ முறுக்கியும் ர, வ, ல என்ற எலும்பு உடையவில்லை. வ மட்டும் ப ஆகியிருக்கிறது, அவை இரண்டும் ஒரே கூட்டம். மயிலாப்பூர் இரண்டு வடிவத்திலும் எம் 416. தண்டையார்பேட்டையும் டோண்டியார்பேட்டும் டி 536. மெய்யாகவே சிலிர்த்தது. எழும்பூரும் எக்மோரும் ஒரே ஓர் இலக்கத்தில் தவறுகின்றன: ஒன்று இ 251, மற்றது இ 256. ஆனால் கோயம்புத்தூரைப் பாருங்கள். பழைய ஸ்பெல்லிங் சி 513, புதியது கே 513. எண்கள் மூன்றும் அப்படியே பொருந்தியும், முதல் எழுத்து மாறியதால் இரண்டும் வேறு வேறு பெட்டிக்குப் போய்விடுகின்றன.

முதல் எழுத்தில் இப்படி விறைப்பாக நிற்பதுதான் தமிழ்ப் பெயர்களுக்குப் பெரிய இடைஞ்சல். நமக்கு ப ஒன்றுதான். பாலு என்று எழுதி ஆங்கிலத்தில் P போட்டும் தொடங்குவோம், B போட்டும் தொடங்குவோம். தரணி T-யிலும் தொடங்கலாம், D-யிலும் தொடங்கலாம். இளங்கோவை I போட்டும் எழுதுகிறோம், E போட்டும் எழுதுகிறோம். தமிழிலேயே எழுதினாலும் ராமன் ஒருவர், இராமன் ஒருவர். ரங்கநாதன் ஒருவர், அரங்கநாதன் ஒருவர். ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கண மரபைக் கைவிடாதவர்கள் நம் வாசகர்களில் நிறைய. அவர்கள் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்ததும் முதல் எழுத்து மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் எனக்கு நம் யாப்பு நினைவுக்கு வந்தது. மோனை என்றால் முதல் எழுத்து ஒன்றி வருவது. அதில் நம் புலவர்கள் விறைப்பாக இல்லை. அ, ஆ, ஐ, ஔ நான்கும் ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். மெய்களில் ஞ-வுக்கு ந உறவு, ம-வுக்கு வ உறவு, ச-வுக்கு த உறவு. இதை வெறும் செய்யுள் வசதி என்று எண்ண வேண்டாம். விழுங்கு என்று எழுதிவிட்டு முழுங்கு என்றுதானே பேசுகிறோம்? நண்டுக்குப் பழந்தமிழில் ஞண்டு என்றும் பெயர் உண்டே? காது கேட்டுச் செய்த கூட்டம் அது. இளங்கோவின் இ-யும் எலங்கோவின் எ-யும் மோனையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சவுண்டெக்ஸ் தவறவிடுகிற அதே இடத்தில் மோனை பிடித்துக்கொள்கிறது.

எதுகையும் இப்படித்தான். இரண்டாம் எழுத்தை வைத்துச் சொற்களைக் கோப்பது நம் அகராதிக்காரர்களுக்குப் பழகிய வேலை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடையகராதி, எதுகையாய் ஒலிக்கும் சொற்களைச் சேர்த்துக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. சொல் ஒலியால் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அடுக்கும் கலையை, ரஸ்ஸலுக்கு 186 ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டில் உட்கார்ந்து ஒருவர் புத்தகமாகவே செய்திருக்கிறார்.

சவுண்டெக்ஸை விட்டு அடுத்ததற்குப் போனோம். சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் சொன்ன அளவு. பிழை திருத்துபவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை திருத்தம் போட வேண்டும்? ஓர் எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது ஒவ்வொன்றும் ஒரு திருத்தம். வேளச்சேரியை வேலச்சேரி என்று எழுதியிருந்தால் தூரம் 1. வேளச்சேரியிலிருந்து வளசரவாக்கத்துக்கு எழுத்தெழுத்தாகப் போனால் நடுவிலுள்ள ள ஒன்றுதான் மிஞ்சுகிறது, தூரம் 7. இந்த முறையை முதலிலேயே வைத்திருந்தால் அந்த அம்மாவுக்கு இதழ் போயிருக்கும். இதற்கு ஓராண்டு முன்பு, 1964-இல், ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிரெடரிக் டேமரோ, எழுத்துப்பிழைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஒற்றை எழுத்துச் சமாசாரம்தான் என்று எழுதினார்: ஒன்று விட்டுப்போவது, ஒன்று கூடிப்போவது, ஒன்று மாறிப்போவது, பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறிப்போவது. எனக்கு வரும் கடிதங்களில் கடைசி வகை மிகக் குறைவு. மாறிப்போவதுதான் அதிகம், அதிலும் ல, ள, ழ, ர, ற, ண, ன, ந.

ஆனால் இந்த அளவுக்கு எல்லா எழுத்தும் ஒரே தூரம். மணி என்பதை மனி என்று எழுதினாலும் 1, மதி என்று எழுதினாலும் 1. முதலாவது கைப்பிசகு, இரண்டாவது வேறு ஆள். தமிழ் தெரிந்த எந்தக் குழந்தையும் இதைச் சொல்லிவிடும். அப்படியானால் மயங்கொலிகளுக்குள் தூரத்தைக் குறைக்க வேண்டும். குறில் நெடிலுக்குள் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஸ, ச, ஷ மாறினால் குறைக்க வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அட்டவணை போட முயன்றேன். அங்கே ரகரமும் ழகரமும் வாயில் ஒரே இடத்தில் பிறப்பவை. லகரமும் ளகரமும் ஓர் இணை. இன்றைக்கு நம் கை பிசகுவதோ ழ-வும் ள-வும் ல-வும் ஒன்றாகி. நாக்கு எங்கே தொடுகிறது என்பது இலக்கணத்தின் கணக்கு. கேட்பவர் எதை எதோடு குழப்புகிறார் என்பது நம் சந்தாப் பட்டியலின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தது என் தவறு. இன்றைய காதுக்கு இன்றைய அட்டவணைதான் வேண்டும், அதுவும் ஊருக்கு ஊர் மாறும். நாம் ட்ர ஒலி வைத்து எழுதும் வெற்றிவேலை யாழ்ப்பாணத்தார் இரட்டை ட ஒலியில் எழுதுவார்கள், அவர்கள் உச்சரிப்பு அப்படி.

தூரம் 1 என்பதால் உறவு உண்டு என்றும் ஆகாது. எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கும் தொலைவில் தண்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. வேதங்கள் அங்கே சிவனை வழிபட்டன, அதனால் வேதச்சேரி, அதுவே வேளச்சேரி ஆனது என்று தலபுராணம் சொல்கிறது. வேதச்சேரிக்கும் வேளச்சேரிக்கும் தூரம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஊர்ப்பெயர் உண்மையில் எப்படி மாறியது என்பதற்கு அந்த எண் சான்றாகாது. கல்வெட்டைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கடம், திரையில் கண்ணுக்குத் தெரியாதது. தமிழில் கோதை என்றால் இரண்டெழுத்து. யுனிகோடில் அது நான்கு குறியீடு: க, ஓகாரக் குறி, த, ஐகாரக் குறி. அந்த ஓகாரத்தையே சில விசைப்பலகைகள் ஒற்றைக் குறியாகப் போடும். சில, முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக இரண்டாகப் போடும். நமக்கு இரண்டும் கோ. கணினிக்கு வேறு வேறு. ஔவையார் இதைவிட மோசமாகச் சிக்கியிருக்கிறார். ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒ அடித்து ள அடித்துவிடுகிறார்கள். படிக்கும்போது வித்தியாசமே தெரியாது. ஔவையாரைத் தேடினால் பாதி ஔவையார் கிடைக்கமாட்டார். ஆகவே ஒப்பிடுவதற்கு முன்னால் குறியீடுகளை ஒரே சீராக்கி, தமிழெழுத்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். நம் பிழைதிருத்தலுக்கு நீச்சல்காரனின் வாணி கைகொடுக்கிறது. மலையாளக் கணிமைக்காக உழைக்கும் சந்தோஷ் தோட்டிங்கல், இந்திய மொழிகளுக்கென ஒரு சவுண்டெக்ஸே எழுதினார். தமிழில் எழுதிய பெயரையும் மலையாளத்தில் எழுதிய அதே பெயரையும் அது இணைத்துப் பார்க்கும். சம்பளம் வாங்காமல் மொழிக்காக இந்த வேலையைச் செய்கிறவர்களை இந்தப் பக்கத்திலிருந்து கைகூப்பி வணங்குகிறேன்.

இனிஷியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜாரோ-விங்க்ளர் என்று ஒரு முறை, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே ஆளின் பதிவுகளைச் சேர்க்கப் பிறந்தது. இரண்டு பெயர்களின் ஆரம்பம் ஒத்துப்போனால் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும். ஆனால் நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுகிறோம். பாஸ்போர்ட் எடுத்தவர்கள் அதை விரித்துப் பின்னால் போடுகிறார்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த எழுத்தையே மாற்றுகிறார்கள், சிலர் மாற்றுவதில்லை. இனிஷியலைப் பிரித்துத் தனியே வைக்காமல் இந்த முறையைப் போட்டால், எஸ் என்று தொடங்கும் எல்லாரும் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள்.

வளசரவாக்கத்து அம்மா கூப்பிட்ட அதே வாரத்தில்தான் டர்பன் நகரத்திலிருந்து ஒரு பெண்மணியின் கடிதம் வந்தது. நம் வாசகர் ஒருவர் முகவரி கொடுத்தாராம். அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் முதல் கூட்டத்தை இறக்கியதிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எல்லாம் எழுத்தரின் காதில் விழுந்தபடி. கடிதம் எழுதியவருக்குத் தெரிந்தது லட்சுமி என்ற பெயர் மட்டும். இந்தியாவில் வழக்கமாக எழுதும் ஸ்பெல்லிங்கில் பலமுறை தேடியும் கிடைக்கவில்லை என்றார்.

நாங்கள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அவர் தேடிய ஸ்பெல்லிங்கின் எண் எல் 250. எக்ஸ் போட்டு எழுதினாலும் எல் 250 தான். ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் இந்தப் பெயரை டி, சி, எச் மூன்றும் வரிசையாக வரும்படி எழுதுகிறார்கள். அதன் எண் எல் 325. அந்தக் காலத்து எழுத்தர் தவறாக எழுதவில்லை. எதிரே நின்ற பெண் வாயைத் திறந்து லட்சுமி என்று, லெச்சுமி என்று, தமிழில் சொல்லியிருக்கிறாள். அவர் அந்த ட்-டையும் ச-வையும் கேட்டு அப்படியே எழுதியிருக்கிறார். வடமொழி எழுத்துக்கூட்டலில் தேடுகிறவருக்கு அந்தத் தமிழ் ஒலி அகப்படவில்லை. டி, சி, எச் வரும் மூன்று நான்கு வடிவங்களை எழுதி அனுப்பினோம். அவற்றை வைத்து இப்போது தேடத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பெயரில் வந்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களில் தம்முடைய லட்சுமி யார் என்று தந்தையின் பெயரையும் ஊரையும் வைத்து அவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

நம் பட்டியலுக்கும் இனி அதே வழிதான். எந்த முறையும் தானாகப் பெயர்களை ஒன்றாக்காது. குறியீடுகளைச் சீராக்கி, இனிஷியலைப் பிரித்து, மயங்கொலிக்குத் தூரம் குறைத்து, நெருங்கி வரும் ஜோடிகளை மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளோடு நாங்கள் உங்களைக் கூப்பிடுவோம். ‘நீங்களும் இவரும் ஒருவரா?’ என்று கேட்டால் தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

வளசரவாக்கத்து அம்மாவின் மூன்று இதழ்களை, அவர் கூப்பிட்ட அன்று மாலையே நானே எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. மதி என்று தமிழில் மட்டும். காபி கொடுத்தார். இத்தனை வருட இதழ்களையும் மாத வரிசையில் கட்டி அடுக்கி வைத்திருந்தார். அந்த மூன்று மாதத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

இந்த இதழோடு ஓர் அஞ்சலட்டை இணைத்திருக்கிறோம். உங்கள் பெயரை நீங்கள் எப்படி எழுதுவீர்களோ அப்படி, உங்கள் கையெழுத்திலேயே தமிழில் எழுதுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றில் உங்கள் பெயருக்கு வேறு உருவங்கள் இருந்தால் அவற்றையும் கீழே எழுதுங்கள். அடுத்த மாதத்திலிருந்து ரேப்பரில் நீங்கள் எழுதிய பெயர்தான் வரும். பின்கோடை மறந்துவிடாதீர்கள், வேளச்சேரி 600042, வளசரவாக்கம் 600087.

அன்புடன்,
ஆசிரியர்